முருங்கைக்காய் இல்லாத சொற்புத்தகம்

என் மகன் கதிர் வேலை பார்ப்பது லித்துவேனியாவில், கவுனாஸ் என்கிற ஊரில். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று அவன் போகும்வரை எனக்குத் தெரியாது. இப்போதும் வரைபடத்தில் விரல் வைக்கச் சொன்னால் பக்கத்து நாட்டில்தான் வைப்பேன். அங்கே எக்லே என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அம்மா சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறது பெண். அம்மாவோ, பையன் வளர்ந்த வீட்டையும் அங்கே இருக்கிற மனுஷர்களையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்கிறார். அது நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கதிர் வளர்ந்தது காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில், என் அக்கா வசந்தாவின் வீட்டில். அவன் ஆறாவது படிக்கும்போது என் மனைவி இறந்துபோனாள். நான் திருச்சியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அப்போது எனக்குச் சோறு பொங்கத் தெரியாது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பத் தெரியாது. அக்காதான் கையோடு கூட்டிக்கொண்டு போய் வளர்த்தாள். ஆகவே எக்லேயின் அம்மா, கோயில் பார்க்க வந்த ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து, மற்றவர்கள் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனபோது மூன்று நாள் காஞ்சிபுரத்தில் தங்கிக்கொண்டார். நான் திருச்சியிலிருந்து போனேன்.

கதிர் போனில் எனக்குச் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "அப்பா, உங்க வாயைக் கொஞ்சம் கட்டிக்கங்க. யாரோடயும் சண்டை வேணாம். எக்லேவோட கல்யாணப் புடவையைத் தன் கையாலே எடுக்கணும்னு அவங்களுக்கு ஆசை. வேற எதுவுமே கேக்கலை. அதை மட்டும் நல்லபடியா செஞ்சு குடுத்துருங்க."

அந்த அம்மாவின் பெயர் தனுத்தே. நல்ல உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்பிள்ளை மாதிரி கைகள். வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

செல்போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். வந்த கொஞ்ச நேரத்திலேயே முயன்று பார்த்தேன். "வாங்க, உக்காருங்க, பயணமெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று போனிடம் சொன்னேன். அது அவர் பாஷையில் என்னத்தைச் சொன்னதோ, உட்கார்ந்திருந்த மனுஷி எழுந்து நின்றுவிட்டார். பிறகு என் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

அதுதான் இந்த மூன்று நாளும் எங்களைக் கட்டி இழுத்தது. ஆங்கிலம் கற்றுக்கொள்கிற லித்துவேனியர்களுக்கான சொற்புத்தகம். இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் அவர்கள் பாஷை. சமையலறை, உடம்பு, வானிலை, சாலை, குடும்பம் என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கதிரும் எக்லேயும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை வந்தால் அதுவும் அதைத்தான் பேசும் என்று பயந்துபோய், இந்த வயதில் அந்த அம்மா ஆங்கிலம் படிக்கிறார். எனக்கு ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம்தான். போல்ட், நட், டெலிவரி, பேமென்ட். ஆனால் வாசிப்பேன். நான் இடது பக்க வார்த்தையில் விரல் வைத்தால் அவர் வலது பக்கம் படிப்பார். அவர் வலது பக்கம் விரல் வைத்தால் நான் இடது பக்கம் படிப்பேன்.

ஒரே சிக்கல், அதில் இருப்பதெல்லாம் பொருள்களின் பெயர்கள். வா, போ, சாப்பிடு, தூங்கு எதுவும் கிடையாது. அதெல்லாம் இரண்டாம் பாகத்தில் வருமாம். இரண்டாம் பாகத்தை அவர் இன்னும் வாங்கவில்லை. புத்தகம் போட்டவன் கையில் கிடைத்தால் கேட்பேன், வெறும் பொருள்களை வைத்துக்கொண்டு எந்த மனிதனய்யா குடும்பம் நடத்தினான்?

முதல் நாள் மதியம் இலை போட்டோம். சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, அவியல், வடை. அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இலை காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அக்கா மறுபடி போட்டாள். அவர் மறுபடி காலி செய்தார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னாடா இது, வெளிநாட்டுக்காரங்க கொறிச்சிட்டு எழுந்துடுவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நம்ம ஆளுங்கள விட நல்லா சாப்புடறாங்க!"

சாப்பாட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளை அவமானப்படுத்துவது என்பது அவர்கள் வழக்கம் என்று கதிர் பிற்பாடு சொன்னான். இலையை மூடும்வரை போட்டுக்கொண்டே இருப்பது நம் வழக்கம். இரண்டு வழக்கமும் நேருக்கு நேர் மோதியதில் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்து மூச்சு வாங்கியது. கடைசியில் உடம்பு என்ற பக்கத்தைப் புரட்டி, வயிறு என்ற வார்த்தையில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"வயிறாம்க்கா" என்றேன்.

"ஐயோ, வலிக்குதா?" என்று அக்கா ஓடிப்போய் ஓமம் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். அவர் அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அக்கா டம்ளரை மறுபடி நிரப்பினாள். நான்தான் கத்தி நிறுத்தினேன். "போதும்க்கா! கொன்னுடாதே!"

சாயங்காலம் அக்கா பூக்காரியிடம் இரண்டு ரோஜா வாங்கி அவருடைய கட்டை முடியில் கிளிப் போட்டுக் குத்திவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து அக்கா தலையிலேயே வைத்தார். ஏன் என்று கேட்பதற்குள் புத்தகத்தில் ஒரு வார்த்தையைக் காட்டினார். சவ அடக்கம். அப்புறம் இரண்டு விரலை நீட்டி, வேண்டாம் என்று கையசைத்தார். அவர்கள் ஊரில் இரட்டைப்படையாகப் பூ கொடுப்பது சாவுக்கு மட்டும்தானாம். அக்கா அசந்துபோனாள்.

"அப்போ அவங்களுக்கும் நல்லது கெட்டது பாக்கற வழக்கம் இருக்குது! படிச்ச ஊர்க்காரங்க, ஒண்ணும் பாக்க மாட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்."

அன்றைக்கு ராத்திரி அக்கா எனக்கு இரண்டு தோசை கூடுதலாகப் போட்டாள். சம்பந்தியை அவளுக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை கோயில் இட்லி. மந்தாரை இலை வைத்த குடலையில் வேகவைத்து, மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டது. திருச்சியில் இட்லி என்றால் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். இது கனமாக, காரமாக, நெய் வாசனையோடு இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது. காய்கறி, ரொட்டி, இறைச்சி என்று பக்கம் பக்கமாகத் தேடினார், இட்லிக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் ரொட்டி என்பதைக் காட்டினார். நான் இல்லை என்றேன். கேக் என்பதைக் காட்டினார். அதுவும் இல்லை என்றேன். விட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம் என்று பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். திருச்சியில் பஸ்ஸின் முகத்தைப் பார்த்தாலே எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன். இங்கே மூன்று பேரைக் கேட்டால் மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டினார்கள். ஒருவன் மட்டும் "ஏறுங்க சார், போவும்" என்றான். ஏறினோம். எங்கே போகும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த அம்மா டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் போடும்போதெல்லாம் அவர் கால் தரையில் அழுந்தியது. பிறகு புத்தகத்தில் ஓட்டுநர் என்ற வார்த்தையைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். கவுனாஸில் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ் இருக்கிறது. அதைத்தான் இவர் ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கிறார். கதிர் இதைச் சொல்லவே இல்லை. மடையன், முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே!

நாங்கள் புத்தகத்தில் சக்கரம், பிரேக், பாலம் என்று போய்க்கொண்டிருந்தபோது வெளியே நெல் காயப்போட்ட களங்களும் அரிசி ஆலைகளும் வந்தன. இறங்கிப் பார்த்தால் வாலாஜாபாத்.

நான் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, கோயில் காஞ்சிபுரத்துலேயே இருக்கு, இங்கே கொண்டுவந்து இறக்கி விட்டிருக்கே?"

"சார், நான் வாலாஜாபாத் வாலாஜாபாத்துன்னு கத்திக்கினுதான சார் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் அந்த புக்க வெச்சி பரிச்சைக்கி படிச்சிக்கினு இருந்தீங்க."

உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது. ஆனால் அதற்குள் அந்த அம்மா முன்பக்கம் போய் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்து, கியர் தண்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் இறங்கி நின்று சிரித்தார்.

"இன்னாமா, நீங்களும் ட்ரைவரா? வாங்க, திரும்பிப் போறப்போ நீங்களே ஓட்டுங்க. எனக்கு இடுப்பு பேஜாரா இருக்குது."

திரும்புகிற வண்டிக்கு நேரம் இருந்தது. சந்தைக்குள் நடந்தோம். புத்தகத்தின் காய்கறிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு குவியலாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளரிக்காய் அகுர்கஸ், பீட்ரூட் புரோகஸ், முட்டைக்கோஸ் கொபூஸ்தஸ். அடுத்த பக்கம் முழுக்கக் காளான், அத்தனை வகை. காய் விற்கிற பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒரு முருங்கைக்காயை எடுத்து நீட்டினாள்.

"இதுக்கு இன்னா பேருன்னு கேளுங்க சார்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"முருங்கக்கா இல்லியா? அப்பறம் இன்னாமா புக்கு அது! தூக்கிப் போடு." அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் காயைச் சும்மாவே அவர் பையில் போட்டாள்.

சந்தையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பாலாறு. ஆறு என்ற வார்த்தையைக் காட்டிக் கண்ணால் கேட்டார். நான் புத்தகத்தை வாங்கி மணல் என்ற வார்த்தையைத் தேடிக் காட்டினேன். எங்கள் காவிரியையும் இப்போது கிட்டத்தட்ட அதே வார்த்தையில்தான் காட்ட வேண்டியிருக்கும். பிறகு கையைக் காட்டி, அவர்கள் பாஷையில் என்ன என்று கேட்டேன். ரங்கா என்றார். தினமும் அந்தப் பெயரைக் கேட்டு எழுகிற திருச்சிக்காரனுக்கு இது வேறு புதுத் தகவல். நெருப்பு உக்னிஸ், நம் அக்கினி மாதிரி. பல் தந்திஸ், நம் தந்தம் மாதிரி. யார் யாரிடம் வாங்கினார்களோ எனக்குத் தெரியாது. அந்த விவகாரத்தைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த நேரம் காது குளிர்ந்தது, அவ்வளவுதான்.

பிரச்சினை அன்று சாயங்காலம் வந்தது. காபி குடித்துக்கொண்டே அக்கா தானாகப் புத்தகத்தை எடுத்தாள். பத்தாவது வரை படித்தவள். குடும்பம் என்ற பக்கத்தில் கணவன் என்ற வார்த்தையைக் காட்டி, "எங்கே?" என்பது போலக் கையை விரித்தாள். பெண்ணைப் பெற்ற மனுஷன் எங்கே இருக்கிறார், கல்யாணத்துக்காவது வருவாரா என்று அக்கா காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

தனுத்தே அதே பக்கத்தில் விரலைக் கீழே நகர்த்தினார். விதவை, நஷ்லே. தன் நெஞ்சைத் தொட்டார். அதற்கு அடுத்த வரி, மனைவியை இழந்தவன், நஷ்லீஸ். என்னைக் காட்டினார். ஒரே கட்சிக்காரர்கள் என்பது போல எனக்கு ஒரு சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அப்பா இல்லாத பொண்ணுன்னு கதிர் சொன்னானே."

"இல்லன்னா விட்டுட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன்டா! அந்த ஊர்ல அதான நடக்குது? நான் பூவெல்லாம் வெச்சி விட்டேனே…" தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கி புடவை எடுக்கணும். நல்ல நேரம் பாத்து வெச்சிருக்குது. மொதப் புடவைய என்னாட்டம் ஒரு சுமங்கலி கைதான் எடுக்கணும்."

"அது அவங்க பொண்ணுக்கா."

"அதனாலதான் சொல்றேன்."

மூன்றாம் நாள் காலை அக்கா திட்டத்தோடு எழுந்திருந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பூ எல்லாம் தயார். "நீ அவங்கள ஓரிக்கை மண்டபத்த பாக்க இட்டுக்கினு போ. கல் வேலை நல்லா இருக்கும், மெதுவா பாருங்க. நான் அதுக்குள்ள கடைக்குப் போயி எடுத்துக்கினு வந்துடறேன். இங்க வந்ததும் அவங்களுக்குக் காட்டுவோம். புடிச்சிருந்துதுன்னா சரிதான?"

கதிர் சண்டை வேண்டாம் என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டோ வந்தது.

ஆட்டோ ஓட்டியவர் பெயர் பாபு. ஓரிக்கை போகும் வழியெல்லாம் அந்த அம்மா மடியில் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடைவீதி வருகிறதா என்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தபடி வந்தார். வீடுகள் குறைந்து வயல் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மண்டபத்தின் வாசலில் வண்டி நின்றபோது அவர் இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். லினன் துணி, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். போனில் இருந்த எக்லேயின் படத்தையும் காட்டினார். பெண்ணின் கண்ணும் அதே நிறம். கண்ணுக்குப் பொருந்துகிற நிறத்தை ஊரிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பிறகு புத்தகத்தை எடுத்தார். குடும்பப் பக்கம், மகள். துணிப் பக்கம், பட்டு. உடம்புப் பக்கம், கை. மூன்று பக்கத்துக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை காட்டினார். மகள், பட்டு, கை. கடைசி வார்த்தைக்குத் தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் வினைச்சொல் வேண்டும். புத்தகத்தை வாங்கி, விதவை என்ற வரியைக் காட்டினேன். அப்புறம் வீடு என்ற பக்கத்துக்குப் போய்க் கதவு என்பதைக் காட்டினேன். அதற்குக் கீழே பூட்டு.

அவர் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. மெதுவாகக் குடும்பப் பக்கத்துக்குத் திரும்பினார். நஷ்லே என்பதைத் தாண்டி அடுத்த வரியில் விரலை வைத்தார். நஷ்லீஸ். என்னைப் பார்த்தார். பிறகு கதவு என்ற வார்த்தையை நகத்தால் தட்டினார். அவ்வளவுதான். உனக்கும் பூட்டா என்று கேட்கிறார்.

எனக்குப் பூட்டு கிடையாது. என் மனைவி போன பிறகு நான் எத்தனையோ கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டிருக்கிறேன். அக்காவின் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டபோது, தாய்மாமன் கை முதலில் படட்டும் என்று அக்காவே என்னைக் கூப்பிட்டாள். ஒருத்தனும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. நான் என்ன என்று சொல்லத் தமிழில் தினசரி புழங்குகிற ஒரு வார்த்தைகூட இல்லை. விதவைக்கு இருக்கிறது, வசைக்கென்று தனியாக வேறு இருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தில் முருங்கைக்காய் இல்லை, ரசம் இல்லை, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த வரியில் இருந்தோம்.

"பாபு, வண்டியைத் திருப்பு. பட்டுக் கடைக்கு விடு."

"மண்டபம் பாக்கலியா சார்?"

"அது எங்கேயும் ஓடாது. வேகமா போ."

காந்தி ரோட்டில் கடைக்குள் நுழைந்தபோது அக்கா வெள்ளை மெத்தை விரிப்பில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் புடவைகள் சரிந்து கிடந்தன. இன்னும் எதையும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னாடா, அதுக்குள்ள பாத்தாச்சா?"

"வாசல் வரைக்கும் பாத்தாச்சு. அந்தம்மா எடுக்கட்டும்க்கா."

"சேகரு, எல்லாரும் பாக்கறாங்க. மெதுவா பேசு."

"மெதுவாவே சொல்றேன். அந்தம்மா பொண்ணுக்கு அந்தம்மா எடுக்கட்டும்."

"நல்ல காரியம்டா. புருஷன் இல்லாதவங்க கை மொதல்ல படக் கூடாது. நானா இத புச்சா கண்டுபுடிச்சேன்?"

"எனக்குப் பெண்டாட்டி இல்லை. உம் பொண்ணு கல்யாணத்துல பந்தக்காலை என்னைத்தானே மொதல்ல பிடிக்கச் சொன்னே?"

"நீ ஆம்பள."

"ஆம்பளைன்னா? செத்தவ எந்திரிச்சு வந்துட்டாளா?"

பக்கத்து விரிப்பில் புடவை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் புடவையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. விற்பனையாளர் கையில் பிரித்த புடவையோடு தவித்தார்.

"அம்மா, நல்ல நேரம் போய்க்கினே இருக்குதும்மா. யாருனா ஒருத்தர் கை வெச்சிடுங்கம்மா. சண்டைய அப்பறம் வீட்ல போட்டுக்கலாம்."

"எனக்கு இன்னா அந்தம்மா மேல வெறுப்பா?" அக்காவின் குரல் உடைந்தது. "கதிர நான் வளத்தேன்டா. அவனுக்கு ஒரு கொறையும் வந்துடக் கூடாது. நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சின்னா, அன்னிக்கி ஏன் உட்டேன்னு நான்தான படுத்துக்கினு அழணும்? எனக்குப் பயமா இருக்குதுடா."

அது பொய்யில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம். பயந்தவளிடம் கத்தி என்ன பிரயோஜனம்? ஆனால் எனக்குக் கத்தாமல் பேசத் தெரியாது.

"அப்ப நானும் ஆகாதவன்தான். நானும் வெளியே நிக்கிறேன். இன்னைக்கு மட்டும் இல்லை, கல்யாணத்தன்னைக்கும். பையனுக்கு அப்பன் இல்லாம, பொண்ணுக்கு அம்மா இல்லாம நீயே நடத்து!"

இதெல்லாம் நடக்கும்போது தனுத்தே செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார். நாங்கள் கத்தியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் எதைப் பற்றிக் கத்துகிறோம் என்று தெரிந்திருந்தது. தான் கொண்டுவந்த துணித் துண்டைப் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்று ஒன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போனார். மழைக்கு முந்திய ஏரித் தண்ணீர் மாதிரி ஒரு நிறம், அரக்கு பார்டர். அதன் பக்கத்தில் துணித் துண்டை வைத்துவிட்டு நிறுத்தினார். புடவையைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா விட்டால் எடுப்பார், விடாவிட்டால் எழுந்து போய்விடுவார். அது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எழுந்து போனால் என் மகன் கல்யாணமும் அவரோடு எழுந்து போய்விடும்.

அக்கா அந்தத் துணித் துண்டைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள்.

"இது இன்னா துணி?" என்று என்னிடம் கேட்டாள்.

"எக்லேயோட கண்ணு நிறம்க்கா. ஊர்லேருந்து வெட்டிக் கொண்டாந்திருக்காங்க."

அக்கா மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு நகர்ந்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அந்தப் பெரிய கையைத் தூக்கிப் பட்டின் மேல் வைத்தாள். மேலே தன் கையை வைக்கவில்லை. "எடுங்க சம்பந்தி" என்றாள். அவர் எடுத்தார். அக்கா தாம்பாளத்திலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் தொட்டுப் புடவையின் நான்கு முனையிலும் வைத்தாள். கடைசி முனையைத் தனுத்தேதான் அவளுக்கு எடுத்து நீட்டினார்.

நான் நிம்மதியாக மூச்சுவிட்டு, பக்கத்தில் உட்காரலாம் என்று ஒரு காலை விரிப்பில் வைத்தேன்.

"நீ எங்க வர்ற?" என்றாள் அக்கா.

"ஏன்க்கா?"

"நீதான சொன்ன, நானும் ஆகாதவன்தான், வெளிய நிக்கிறேன்னு? போ. போயி நில்லு. இத்தினி வருஷம் யாருனா ஒன்ன நிக்க வெச்சாங்களா? இன்னிக்கி நின்னுதான் பாரேன்."

பக்கத்துக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. விற்பனையாளர் புடவையால் வாயை மறைத்துக்கொண்டார். நான் சொன்ன வார்த்தைதான், என்ன செய்வது? வெளியே போய் நின்றேன்.

காந்தி ரோட்டில் வெயில் கொளுத்தியது. போகிற தரகர்கள் எல்லாம், "சார், பட்டு வேணுமா, நேரா தறியிலேருந்தே வாங்கித் தரேன்" என்று கையைப் பிடித்தார்கள். கூலித் தொழிலாளி மாதிரி ஒதுங்கி நிற்கிற என்னைக் காவலாளி ஒரு முறை முறைத்தான். "யார் வரணும் சார்?" என்றான். "உள்ளே இருக்காங்க" என்றேன். "அப்போ நீங்க ஏன் வெளிய?" என்றான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும். கண்ணாடிக்கு உள்ளே இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து, இன்னும் எதையெதையோ பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி அவர்களுக்குத்தான் சுற்றியது. கால் மாற்றி மாற்றி நின்றேன். ஒவ்வொரு விசேஷத்திலும் ஓரமாக நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கால் வலிக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

கடைசியில் தனுத்தே எழுந்து கண்ணாடிக் கதவருகே வந்தார். கதவைத் திறக்கவில்லை. புத்தகத்தைப் பிரித்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போலப் பிடித்தார். கல்யாணம் என்ற வார்த்தைக்கு மேல் ஒரு விரல். பிறகு பக்கம் புரட்டினார், மாதங்களின் பெயர்கள். ஜூன், பிர்ஜெலிஸ். அதன் மேல் விரலை வைத்து, பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதே இடத்தில் நானும் விரலை வைத்தேன்.

அவருக்குப் பின்னால் அக்கா வந்தாள். எட்டிப் பார்த்தாள். கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"ஜூன்னா வைகாசியா, ஆனியாடா? கேட்டுச் சொல்லு."

"அது அந்தப் புத்தகத்துல இருக்காதுக்கா."

"இல்லன்னா கேட்டுக்கினு அங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.